பழைய படம்

எக்ஸ்ரே அறையின் கதவில் அதே பலகை. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

படம் எடுப்பவன் உள்ளே பேத்தியிடம் கேட்பது காதில் விழுந்தது. கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாய்?

சிவரஞ்சனி தேதியைச் சொன்னாள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே கேள்விதான். மாடிப்படியில் தவறி விழுந்து, கணுக்கால் வீங்கி வந்திருந்தாள். பதினோரு வயது. மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் இறக்கி, ஊர் மெச்சச் சடங்கு செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணிடம், வயிற்றில் ஏதும் உண்டா என்றும் கேட்டுவிட்டான்.

"யார் வீட்டுப் பொண்ணுகிட்ட என்ன கேக்குற நீ?"

எல்லோரிடமும் கேட்பதுதான் ஐயா என்று அவன் சொல்லச் சொல்ல, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். படம் எடுக்கவில்லை. வெறும் சுளுக்கு என்று வீட்டில் அவரே முடிவு சொன்னார். அவர் சொன்ன பிறகு அங்கே மறுபேச்சு கிடையாது.

எண்ணெய் போட்டு நீவினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது டாக்டர் இரண்டு கால்களின் படத்தையும் வெளிச்சத்தில் செருகினார்.

வலது கணுக்காலில், எலும்பின் குறுக்கே மெல்லிய கருங்கோடு. எலும்பு வளர்கிற இடம் அது என்றார்.

இடது காலில் அந்தக் கோடு பாதியோடு நின்றிருந்தது. அன்று அந்த இடம்தான் உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் ஒட்டி இறுகிவிட்டது. மறுபக்கம் மட்டும் வளர்ந்து வளர்ந்து பாதத்தை உள்ளே திருப்பியிருக்கிறது. அன்றே நேராக்கிக் கட்டியிருக்கலாம். இனி எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும்.

பழைய படம் எங்கே என்று கேட்டார்.

தாத்தா தொண்டையைச் செருமினார்.

"தொலஞ்சுபோச்சு சார்," என்றாள் சிவரஞ்சனி.

டாக்டருக்கு எரிச்சல் வந்தது. "அன்னிக்குப் படத்தப் பாத்தவனுக்குக் கண்ணு இல்லையா?"

அவள் தாத்தாவைப் பார்த்தாள்.

பொய் பேசாத குடும்பம் என்று பெயர்.

அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தக் காலத்துல யார நம்புறது, சார்."

சிவரஞ்சனி குனிந்து செருப்பை மாட்டினாள். இடது செருப்பில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.

அவர் கையை நீட்டினார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.