படிக்கட்டுக் காத்து

"உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

மேல் வீட்டு வாசல்ல நின்னு கத்தினது நான்தான்.

மொட்டை மாடியில காய்ஞ்ச துணியை எடுத்துட்டு வாடின்னு அம்மா அனுப்பினாங்க. போற வழியில பாத்தா, மேல் வீட்டுக் கதவு ஆன்னு தெறந்து கிடக்கு. உள்ள ஏசி ஓடுது!

அந்த வீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க. மீன் கம்பெனியோட குளிர்கிடங்குல சூப்பர்வைசர். காலை ஷிப்ட் முடிஞ்சு மத்தியானமே வந்துடுவாங்க. உடம்புல முழுக்கை ஸ்வெட்டர். கால்ல சாக்ஸ்.

ஊரே வெயில்ல வேகுது. இவங்க ஸ்வெட்டர் போட்டுக்கிற அளவுக்கு ஏசி வைக்கிறாங்க. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

"என்னம்மா ஆச்சு?"

"வேலை செய்யற இடத்துல இருக்கிற குளிரு பத்தலையாக்கா? வீட்டையும் ஃப்ரீசர் ஆக்கணுமா? அதுவும் கதவைத் தெறந்து போட்டுக்கிட்டு! நீங்கல்லாம் வெளிய தள்ளற அனல்லதான் இந்தத் தெருவே வேகுது!"

"அது இல்லம்மா, நீ..."

"நீ சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்னுதானே சொல்லப் போறீங்க?"

அவங்க வேற ஏதோ சொல்ல வந்தாங்க. நான் விடல. எதிராளியைப் பேச விட்டா அது என்ன சண்டை?

"எங்க வீட்டுல ஏசி கிடையாது. ஒரு வாரமா இந்தப் படிக்கட்டு வளைவுலதான் உக்காந்து படிக்கிறேன். எவ்வளவு ஜில்லுனு இருக்கு தெரியுமா? இயற்கையோட வாழத் தெரிஞ்சவங்களுக்கு மெஷினு எதுக்கு?"

அக்கா என்னையே பாத்தாங்க. சிரிப்பை முழுங்கின மாதிரி இருந்துச்சு. திமிருன்னு நெனச்சேன்.

"சரிம்மா, சாத்திடறேன்."

கதவு சாத்திக்கிச்சு. துணியை அள்ளிக்கிட்டு, கப்பு வாங்கின மாதிரி இறங்கி வந்தேன்.

"யாரு கூடடி அங்க ரகளை?" அம்மா கேட்டாங்க.

"பூமிக்காகப் பேசிட்டு வரேன்."

"பூமி உன்னை வக்கீலா வச்சிருக்கா? நாளைக்குப் பரீட்சை. இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா? தவளை மாதிரி வாயாலயே கெடப் போற."

அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. சுற்றுச்சூழலுக்காகத் தெருவுல சண்டை போடற நான், சுற்றுச்சூழல் பேப்பர்லயே ரெண்டு தடவை ஃபெயில். பதில் எழுதச் சொன்னா கேள்வியோட சண்டை போட்டு வச்சிருந்தேன்.

புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு படிக்கட்டு வளைவுக்குப் போனேன். என் இடம். எங்க கிளாஸ்லயே பிரபலமான இடம்.

அது ஒரு கூத்து. உலகம் அழியப் போகுதுன்னு நாங்கல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம்னு, எங்க சார் ஒரு புது ரூல் போட்டார். தினமும் ஏதாவது ஒண்ணுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் பாடம் ஆரம்பிக்கணுமாம்.

"வீடு பத்தி எரியுது, வெளிச்சத்துக்கு நன்றி சொல்லணுமா சார்?"னு கேட்டேன்.

"அணைச்சுக்கிட்டே சொல்லு. இன்னிக்கு உன் முறை"ன்னார்.

வேற வழியில்லாம, "எங்க படிக்கட்டுக் காத்துக்கு நன்றி"ன்னேன். அதோட வாயை மூடினேனா? கரெண்டே இல்லாம இயற்கை குடுக்கிற குளிர்ச்சியைப் பத்தி மணி அடிக்கிற வரைக்கும் முழங்கினேன். கிளாஸே கை தட்டுச்சு.

அதே காத்துல உக்காந்து இப்ப புஸ்தகத்தைத் தெறந்தேன்.

காத்தைக் காணோம்.

கொஞ்ச நேரத்துல படி, அடுப்புல ஏத்தின சட்டி மாதிரி ஆயிடுச்சு. நெத்தியில இருந்து வேர்வை சொட்டி வரி அழியுது. ஜன்னலைத் தெறந்தேன். மூஞ்சியில அனல் அடிச்சுது. மூடினேன். ரெண்டு படி கீழ போய் உக்காந்தேன். நாலு படி மேல போய் உக்காந்தேன். ம்ஹும்.

"படி, படி"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு கண்ணைப் புஸ்தகத்துல நட்டேன்.

'குளிர்ந்த காற்று கனமானது. எனவே அது கீழ்நோக்கி இறங்கும்.'

ரெண்டு தடவை பரீட்சைக்குப் படிச்ச வரி. இப்பதான் புரிஞ்சுது. மெதுவா தலையைத் தூக்கி, மேல சாத்தியிருந்த கதவைப் பாத்தேன்.

ஒரு வாரமா நான் இயற்கைக்கு அனுப்பின நன்றியெல்லாம் அந்த வீட்டு ஏசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு.

மானம் ஒரு பக்கம் இழுத்துச்சு. நாளைய பரீட்சை இன்னொரு பக்கம் இழுத்துச்சு. பரீட்சை ஜெயிச்சுது. போய்க் கதவைத் தட்டினேன்.

"இப்ப என்னம்மா தப்பு?"

மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். ஆனா வாய் என் வாயாச்சே.

"தப்பெல்லாம் இல்லக்கா. கதவைச் சாத்திட்டு ஏசி போட்டா கரெண்டு கம்மியாத்தான் செலவாகும். ஒரு ஆளுக்கு ஒரு ஏசின்னாதான் அநியாயம். ரெண்டு பேருக்குன்னா... அதான்... நான் உள்ள ஒரு ஓரமா உக்காந்து படிச்சுக்கட்டுமா?"

"அதுக்கென்ன, வா வா."

உள்ள காலை வச்சேன். குப்புனு அனல். ஜன்னல் எல்லாம் தெறந்திருக்கு. ஃபேன் கூட ஓடல. அக்கா அதுலயும் ஸ்வெட்டரோட சுகமா நிக்கறாங்க.

"ஏன்க்கா ஏசியை நிறுத்திட்டீங்க? நான் கதவைத்தானே சாத்தச் சொன்னேன்!"

அக்கா ரிமோட்டை எடுத்து என் கையில வச்சாங்க.

"விடிஞ்சதுல இருந்து ஐஸுக்குள்ள நின்னுட்டு வரவளுக்கு ஏசி எதுக்கும்மா? நீ வேர்த்து விறுவிறுத்து படியில உக்காந்திருந்தியேன்னுதான் போட்டேன். கதவைச் சாத்தினப்புறம், அது யாருக்கு?"