மிச்ச மின்சாரம்

மொட்டைமாடியில் மூன்றாவது சோலார் பேனலின் நடுவில் கல் விழுந்த இடத்தில் கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்திருந்தது. மின்வாரியப் பொறியாளர் ராசையா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் எறிந்தது என்று கேட்டார். புயல் காற்றில் ஏதோ வந்து விழுந்தது என்றாள் கிறிஸ்டினா. புயல் அடித்து பதினெட்டு நாளாகிறது. கல் விழுந்தது நேற்று.

எதிர்வீட்டு மாடியிலிருந்துதான் அது வந்திருக்க முடியும். ஃப்ரீசர் வைத்து இறால் வியாபாரம் செய்யும் கீர்த்தியின் வீடு.

கீர்த்தியின் புருஷன் வெற்றி ஒப்பந்த லைன்மேன். புயலுக்குப் பின் மூன்றாம் நாள், எண்ணூர் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, தன் சொந்தத் தெருக் கம்பத்தில் ஏறினான். செத்துக் கிடந்த கம்பியைத்தான் தொட்டான். கீழே இறக்கும்போது அவனும் செத்திருந்தான்.

செத்த கம்பிக்குள் கரண்ட் எங்கிருந்து வந்தது? தெருவுக்குப் பதில் உடனே தெரிந்துவிட்டது. அன்று சுள்ளென்று வெயில். நாலைந்து வீடுகளில் வாடகை ஜெனரேட்டர் ஓடியதுதான், ஆனால் அது அந்தந்த வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகிற கரண்ட். வெளியே விடுகிற வீடு சோலார் போட்ட கிறிஸ்டினாவுடையது ஒன்றுதானே. கீர்த்தியின் அண்ணன் செல்வம் அப்படியே புகார் எழுதிக் கொடுத்தான். அதற்காகத்தான் ராசையா வந்திருந்தார்.

வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும் என்று பேனல் விற்க வந்தவனே சொன்னான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிறிஸ்டினாவின் கணவன் அலெக்ஸாண்டர்தான் ஐந்து வேண்டும் என்று நின்றான்; மிச்சத்தை லைனுக்கு விட்டால் பில்லில் கழியும். பேனல் கரண்ட்டை வீட்டுக்கும் லைனுக்கும் மாற்றிவிடும் இன்வெர்ட்டரும் அதற்கேற்பப் பெரிதாக வந்து மாடிப்படிச் சுவரில் உட்கார்ந்தது.

காலையில் கிறிஸ்டினா பேனல் மேல் படிந்த அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைத் துடைப்பாள். மத்தியானம் மீட்டர் முன்னால் நின்று, வெளியே போகிற யூனிட் ஏறுவதைப் பார்ப்பாள். யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழகாத அவளுக்கு அது ஒரு ரகசியப் பெருமை. "இன்னாக்கா, எங்க வூட்டு ஃபேனு உன் கரண்ட்லதான் சுத்துதாமே" என்று வெற்றியே கிண்டல் செய்திருக்கிறான்.

இப்போது அந்த மிச்சம்தான் வெற்றியைக் கொன்றது என்கிறார்கள். லைன் நின்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்று மாட்டியவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்று நின்றதா? அவள் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காத அந்த ஒரு நிமிடத்தைத்தான் பதினைந்து நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பல் கூச, சில்லென்று அது உள்ளே இறங்கியது நினைவிருக்கிறது. கொடுத்தவர் முகம் நினைவில்லை. கீர்த்தி அவளைத் திட்டவில்லை, ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ராசையா மாடிப்படிக்கு இறங்கி வந்தார். மெயினை இறக்கினால் வீட்டுக்கும் கம்பத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும், லைன் செத்துவிட்டது என்றே இன்வெர்ட்டர் நினைக்கும், அப்போது அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம் என்றார். "மெயின எறக்காம இருந்த அன்னிக்கு அது நிக்காம ஓடியிருந்தா கரண்ட் நேரா கம்பத்துக்குத்தான் ஏறியிருக்கும்மா."

மெயினை இறக்கினார். கண்ணிமைக்கும் நேரத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்தது. மூன்று முறை இறக்கினார், மூன்று முறையும் சிவப்பு. பிறகு இன்வெர்ட்டரில் பதிவாகியிருந்த பழைய கணக்கை எடுத்தார். புயல் தொடங்கிய நாளிலிருந்து லைன் திரும்பி வந்த நாள்வரை வரிசையாகப் பூஜ்யம். அந்த நாட்களில் இந்த வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அவளிடம் கொடுத்தார்.

அப்படியென்றால் வெற்றி தொட்ட கம்பிக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"இனிமே ஒவ்வொரு வீடாத்தான் பாக்கணும்" என்றார் ராசையா.

அவர் போனதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கொல்லவில்லை. ஒருத்தன் செத்துப்போன பிறகும் இது இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். செல்வம் வாசலில் மறித்து, எந்த மூஞ்சியோடு வந்தாய் என்று கேட்டான். உள்ளேயிருந்த கீர்த்தி, அண்ணனை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, கிறிஸ்டினாவை உள்ளே அழைத்தாள்.

கிறிஸ்டினா காகிதத்தை நீட்டினாள். "எங்க வூட்டு மிஷினு இல்ல கீர்த்தி. இன்ஜினியரு எய்தியே குடுத்துட்டாரு."

கீர்த்தி காகிதத்தை வாங்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள்.

பாவம், இன்னும் நம்பவில்லைபோல என்று கிறிஸ்டினாவுக்குத் தோன்றியது. அருகில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாவத்தைச் செய்தவர்களை விடமாட்டார்கள், நாளையிலிருந்து வீடு வீடாக வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஆறுதல் சொன்னாள்.

பதினைந்து நாளில் முதல்முறையாகக் கீர்த்தி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எறா கெட்டுப்பூடும்னு, மெயின எறக்காம ஜெனரேட்டரப் போட்டது நாந்தாங்கா."