பதில் சொல்லாத ஷார்ட்கட்

"இதை இன்னைக்கும் விட்டுட்டா, அப்புறம் என்னை டெஸ்டர்னு கூப்பிடாதீங்கம்மா."

டெஸ்டர் இப்படிச் சொன்னது குழுத் தலைவியிடம். அவள் வழக்கம்போலத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையால் மூக்கில் கைக்குட்டையைப் பிடித்தபடி மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அலுவலகத்தில் தயாராவது ஒரே ஒரு பொருள்தான். கடிதமும் கட்டுரையும் எழுத உதவும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். புதிய பதிப்பு மாலை நான்கு மணிக்கு வெளியாக வேண்டும். அதற்குள் குறைப்பட்டியல் காலியாகிவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

டெஸ்டர் பதினேழு வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். அந்தப் பழக்கத்தை வீட்டிலும் காட்டி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். அவருடைய பட்டியலில் இப்போது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்கு வயது மூன்று.

குறை இதுதான். வேலை எதுவும் ஒதுக்காத ஷார்ட்கட்டை யாராவது அமுக்கினால் எடிட்டர் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கும். அமுக்கியவருக்குத் தன் விரல் தப்பா, கீபோர்டு போய்விட்டதா என்று புரியாது. ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். சத்தம் எதற்கு, ‘இதற்கு வேலை எதுவும் இல்லை’ என்று திரையின் அடியில் ஒரு வரி காட்டினால் போதும் என்றார் டெஸ்டர். அரை மணி நேர வேலை.

தலைவிக்கு மட்டும் மனசு வரவில்லை. முதல் வருடம், எழுதுகிறவர்களின் கவனம் சிதறும் என்றாள். மறு வருடம், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றாள். இப்போது காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் விடாமல் மல்லுக்கட்டுகிறார். ‘பெட்டிஷன் பெரியவர்’ என்று அலுவலகமே அவருக்குப் பேர் வைத்திருந்தது. திங்கள்கிழமையானால் மின்னஞ்சல் வந்துவிடும். இந்த வாரம் வந்தது இப்படி:

‘ஐயா, இன்று கன்ட்ரோல், ஆல்ட், ஜே மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு குரலாவது வர வேண்டாமா? இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.’

போன வாரம் ஐ. அதற்கு முந்தின வாரம் எச். ஒரு சுற்று முடிந்தால் ஷிஃப்டையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஏ-யிலிருந்து ஆரம்பிப்பார்.

அவருக்குப் பதில் போடுவது தலைவியேதான். வேறு யாரையும் தொட விடமாட்டாள். ‘ஐயா, அந்த ஷார்ட்கட்டுக்கு இன்னும் வேலை ஒதுக்கவில்லை. மற்றவற்றையும் அமுக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். இப்படிக்கு, உதவிக் குழு.’

வயசானவரை இப்படியா அலைக்கழிப்பது? திமிர் பிடித்த பொண்ணு என்று டெஸ்டர் மனசுக்குள் திட்டினார்.

மதியம் அந்த அரை மணி நேர வேலையை அவரே உட்கார்ந்து முடித்தார். கையோடு ஒரு சோதனைப் பிரதியைப் பெரியவருக்கு அனுப்பினார். உங்கள் குறை தீர்ந்தது, இனி நீங்கள் எங்களுக்கு எழுத வேண்டிய அவசியமே இருக்காது என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தார்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தவர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தலைவியிடம் போனார்.

"உங்க பெரியவருக்கு என்னம்மா ஆச்சு? தீர்த்து வச்சா வேண்டாங்கிறார்."

அவள் படித்தாள்.

‘ஐயா, புதியது வேண்டாம். பழையதே போதும். என் புகார்களை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திங்கள்கிழமை எழுதுவதை மட்டும் தடுத்துவிடாதீர்கள். இது புழுதிக் காற்று அடிக்கும் மாதம். பதில் எழுதும் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது. ஜன்னலைச் சாத்தி வைக்கவும்.’

கைக்குட்டை மூக்கிலிருந்து கண்ணுக்குப் போனது.

"இவருக்கு எப்படிம்மா உங்க..." என்று ஆரம்பித்த டெஸ்டர் பாதியில் நிறுத்தினார்.

"எங்கப்பா சார். எடிட்டரை உருவாக்கினவங்க பட்டியல்ல என் பேரைப் பார்த்திருக்கார். முதல் கடிதத்தோட நடையிலேயே எனக்கு யாருன்னு தெரிஞ்சிடுச்சு. பதில் போடுறது நான்தான்னு அவருக்கும் தெரியும்."

"அப்போ ஒரு போனைப் போட்டுப் பேச வேண்டியதுதானே?"

ஒரு தடவை போட்டாளாம். குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார். அதற்கப்புறம் ரெண்டு திங்கள்கிழமை கடிதமே வரவில்லை. அந்த ரெண்டு வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் கன்ட்ரோல், ஷிஃப்ட், கே என்று வந்தபோதுதான் உயிர் வந்தது.

டெஸ்டர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நானா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு, ‘இனிமே இந்த வீட்டுக் கதவைத் தட்டாதே’ன்னு சொன்னவர் சார். எட்டு வருஷமாச்சு. அவர் குரலுக்கு ஏங்கிப் போயிருக்கேன். இப்போ அவரே வாரா வாரம் வந்து தட்டுறார். ‘இங்க யாரும் இல்லை’ன்னு எழுதி ஒட்டச் சொல்றீங்களா?"

நான்கு மணிக்கு முதலாளி வந்து நின்றார். அந்த ஷார்ட்கட் குறை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"குறை சொன்னவரே வாபஸ் வாங்கிட்டார் சார்" என்றார் டெஸ்டர்.

முதலாளி நகர்ந்ததும், மதியம் செய்த வேலையை மொத்தமாக அழித்தார். பிறகு பட்டியலைத் திறந்து, பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட எழுதாத ஒன்றை எழுதினார்: ‘இது குறை இல்லை. இப்படியே இருக்கட்டும்.’