வளரும் கைக்கு வாங்கிய மட்டை

விளையாட்டுச் சாமான் கடையின் வெள்ளை வெளிச்சத்தில், தான் போன வருஷம் வாங்கித் தந்த சாஃப்ட்பால் மட்டையை கனம் கைக்குச் சரியா என்று பார்க்க மகள் ஒற்றைக் கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடிப்பதை அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல, இன்னும் சில வருஷம் வரட்டும் என்று பெரிதாக எடுத்த மட்டை. அவள் முழங்கை நடுங்குகிறது. மட்டையின் நுனி மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. கடைக்காரப் பெண் அதை வாங்கி அப்பா பக்கம் மேசையில் வைத்துவிட்டுச் சின்ன மட்டை ஒன்றைத் தருகிறாள். கை அசையாமல் நிற்கிறது. "இவ்ளோ கனமானத வச்சிக்கிட்டா சார் பாப்பா ஆடுச்சு?" ஆட்டத்துக்கு ஆட்டம் வேலியோரம் நின்று, "கையில தெம்பு இருக்கா இல்லியா, வேகமா வீசு" என்று கத்தியவர் அப்பா. பழைய மட்டையின் பிடியில் உரிந்து தொங்கும் டேப்பை அவர் விரல் திரும்பத் திரும்ப ஒட்டப் பார்க்கிறது. மகள் அவர் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு கடைக்காரப் பெண்ணிடம் அவசரமாகச் சொல்கிறாள்: "அது நல்ல மட்டைதான்க்கா. எனக்குத்தான் கையில தெம்பு இல்ல."