கடைசி பெஞ்சில் பேராசிரியர்

நல்லகாமன் சார் இன்றைக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இது ஒன்பதாவது நாள்.

முத்துமீனா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“சார், ஏதாவது வேணுமா?”

“ஒண்ணுமில்லம்மா. நீங்க நடத்துங்க.”

சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார்.

ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கிற அந்தக் கல்லூரியில், பொருளியல் துறைக்கு அவர்தான் சீனியர். இருபத்தாறு வருட சர்வீஸ். முத்துமீனா சேர்ந்து எட்டு மாதம்தான்; தற்காலிக வேலை. மே மாதம் நீட்டித்தால் உண்டு. முதலாம் ஆண்டுப் புள்ளியியலில் ஏ பிரிவு அவளுக்கு, பி பிரிவு அவருக்கு.

அவள் பாடத்தைத் தொடர்ந்தாள்.

“மேலூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு வருது. ரெண்டுமே சராசரியாப் பத்து நிமிஷம் லேட்டு. ஒண்ணு தினமும் அதே பத்து நிமிஷம். இன்னொண்ணு ஒரு நாள் கரெக்டா வரும், மறுநாள் இருபது நிமிஷம் லேட்டு. பரீட்சை அன்னைக்கு எதை நம்பி நிப்பீங்க?”

வகுப்பே சத்தம் போட்டுப் பதில் சொன்னது. நல்லகாமன் எழுதினார்.

மதியம் சாப்பிடும்போது, உடன் வேலை பார்க்கும் அஸ்வினி குரலைத் தாழ்த்தினாள்.

“தமிழ்லயே நடத்துறா, கிளாஸ்ல ஒரே சத்தம்னு எழுதுவாரு மீனா. பிரின்சிபால்ட்ட ரிப்போர்ட் போகும். மே மாசம் உன்னைய நிப்பாட்டிருவாங்க.”

முத்துமீனா சோற்றைத் தள்ளி வைத்தாள். அவள் தெருவில் கல்லூரி வரை வந்தவளே அவள் ஒருத்திதான்.

“அவரு பிரிவுல மூணு வருஷமாப் பாதிப் பேரு ஃபெயிலு. அவரு என்னையக் குறை எழுதுறாரா?” டிபன் பாக்ஸை மூடினாள். “நானும் போறேன். அவரு கிளாஸ்ல உட்காந்து நானும் எழுதுறேன்.”

பின்வாசல் வழியாக பி பிரிவுக்குள் போய் உட்கார்ந்தாள். அவர் கரும்பலகையைப் பார்த்து நின்றிருந்தார்.

“பஸ்ஸு ரெண்டு. ரெண்டும் மேலூர்ல இருந்து வருது.”

முத்துமீனாவின் பேனா நின்றது.

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “சார், போன செமஸ்டர்ல நீங்க இப்பிடி நடத்தலையே?”

“ஆமாம்மா. இருபத்தாறு வருஷமா அப்பிடித்தான் நடத்துனேன். ஃபெயிலானா, பசங்க சரியில்லைன்னு நெனச்சேன். இந்த லீவுல பழைய விடைத்தாளை எல்லாம் எடுத்துப் பாத்தேன். அம்புட்டுப் பேரும் ஒரே இடத்துலதான் தப்புப் பண்ணியிருக்காங்க. அப்ப அது யாரு தப்பு?”

முத்துமீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் தப்புத்தான். சரி, எழுதிக்கங்க.”

எழுதி முடித்ததும் அந்த மாணவி மறுபடியும் கேட்டாள்.

“அடுத்த பாடம் நாளைக்கா சார்?”

“இல்ல, வியாழக்கிழமை.”

“நாளைக்கும் உங்க பீரியடு இருக்கே சார்?”

“நமக்கு முதல் பீரியடும்மா. மேடம் அந்தப் பாடத்தை மூணாவது பீரியட்லதான நடத்துறாங்க.”