மாப்பிள்ளை கழற்றிய எஞ்சின்

“நல்லா ஓடிக்கிட்டிருந்த எஞ்சினை எதுக்கு மாப்பிள்ளை கழட்டினீங்க?”

பிக்கப் அக்கா மாப்பிள்ளையின் ஒர்க் ஷாப் வாசலிலேயே நின்றுவிட்டார். கிளட்ச் வழுக்குகிறது, பிளேட்டை மட்டும் மாற்றுங்கள் என்றுதான் காலையில் தன் பிக்கப் வண்டியை விட்டுப் போனார். இப்போது பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தரை தெரிந்தது. இருபத்தாறு வருஷம் காய்கறிக் கூடைகளை இழுத்த எஞ்சின், கியர் பாக்ஸோடு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் வேறொரு எஞ்சின், எங்கேயோ மோதி நொறுங்கிய காரிலிருந்து எடுத்ததாம், அதன் கியர் பாக்ஸோடு சேர்த்துத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். “மைலேஜ் கூடும் அத்தை. பிடிக்கலைன்னா பழசையே திருப்பி மாட்டித் தந்துடறேன்.”

மைலேஜாம், மைலேஜ்! ஓடுகிற எஞ்சினை அதற்காக யாராவது பிடுங்குவார்களா?

பிக்கப் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு வருஷமாகவே மகள், “ஓட்டினது போதும்மா, வீட்ல இருங்க” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். நேரடியாகச் சொல்லி நடக்கவில்லை என்றதும் புருஷனை ஏவிவிட்டிருக்கிறாள். பிரித்துப் போட்டு, இன்று நாளை என்று இழுத்தடித்து, கடைசியில் உட்கார்ந்தே பழகிவிடுவாள் கிழவி என்று கணக்கு.

வண்டி கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் சும்மா வரவில்லை. இடது முழங்கால் ஒரு வருஷமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அறையைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தைலமே தேய்த்துக்கொள்வார். மகள் காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் சாவி போய்விடும். சாவி போனால் பிறகு என்ன இருக்கிறது? சந்தையில் அவருடைய சொந்தப் பெயரே யாருக்கும் தெரியாது. பெற்ற மகளையே ‘பிக்கப் அக்கா பொண்ணு’ என்றுதான் சொல்வார்கள்.

மூன்று வாரம் வேலை நடந்தது. தினமும் வந்து, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையை வாங்கு வாங்கென்று வாங்கினார். புது எஞ்சினின் கால்கள் பழைய சட்டத்தில் உட்காரவில்லை. மாப்பிள்ளை அறுத்து, வேறு தாங்கி வெல்டிங் செய்தார். பின் சக்கரத்துக்குப் போகிற தண்டு நீளம் ஒத்துவரவில்லை. அதையும் வெட்டிச் சேர்த்தார். “இன்னும் என்னென்ன மிச்சமிருக்கு மாப்பிள்ளை, வெட்டறதுக்கு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார் அக்கா.

“சரிங்க அத்தை” என்பதைத் தவிர அந்த மனுஷன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

மகளும் சும்மா இருக்கவில்லை. கிளட்ச் போனதோடு அந்த வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம், அதற்குப் போய் எதற்குப் புது உயிர் கொடுக்கிறீர்கள் என்று வீட்டில் பிடி பிடியென்று பிடித்தாளாம். அவளுக்கும் கிடைத்த பதில் மைலேஜ்தான்.

ஒரு மத்தியானம் சாவி கைக்கு வந்தது. மகள் கேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிக்கப் அக்கா கதவைப் பிடித்து, மெல்ல ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை அழுத்தினார் அக்கா.

வெறும் தரைதான் தட்டுப்பட்டது.

குனிந்து பார்த்தார். பிரேக் இருந்தது, ஆக்ஸிலரேட்டர் இருந்தது. அவ்வளவுதான்.

“கிளட்ச் எங்க மாப்பிள்ளை?”

“கிடையாது அத்தை. கியரை இதுவே மாத்திக்கும். இந்த கியர் பாக்ஸ் பழைய எஞ்சினோட சேராது, அதான் ரெண்டையும் சேர்த்து மாத்தினேன். இடது காலுக்கு இனிமே வேலையே இல்ல.”

பிக்கப் அக்காவின் கை தானாக இடது முழங்காலுக்குப் போனது. தணிந்த குரலில், “யார் சொன்னா உங்களுக்கு?” என்றார்.

“யாரும் சொல்லல. நாலு வருஷம் உழைக்கிற கிளட்ச் பிளேட், ஒரே வருஷத்துல மூணு கருகியிருக்கு. கால் வலியோட மெதுவா எடுத்தா அப்படித்தான் கருகும்.” கேட் பக்கம் கண்ணைக் காட்டினார். “அவளுக்குத் தெரியாது.”

“மூணு வாரமா அத்தனை பேச்சு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க கேட்டது தெருவுக்கே கேட்டுச்சு அத்தை. நான் பதில் சொல்லியிருந்தா அதுவும் கேட்டிருக்கும்.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. சாவியைத் திருகி, மாப்பிள்ளை காட்டியபடி லீவரைத் தள்ளி, பிரேக்கை விட்டார். வண்டி தானாக நகர்ந்தது. ஒரு சுற்று என்று கிளம்பியவர் தெருவை மூன்று சுற்று சுற்றினார். தேவையே இல்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார். முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் மகள் கிட்டே வந்தாள்.

“சொல்லும்மா, அந்த நல்ல எஞ்சினை எதுக்குத்தான் கழட்டினாராம்?”

பிக்கப் அக்கா சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் அவசரமாக பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மைலேஜுக்குத்தான்டி,” என்றார் அக்கா. “இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓட்டலாம்.”