மீன் அல்லாதது

ஆளில்லாத ஐந்து இழுவைப் படகுகளையும் கரையில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிறவள் ரெஜினாள். படகு இழுக்கும் வலையான மடிக்குள் ஒரு கணினிக் கண் இருக்கிறது. பட்டியலில் உள்ள மீனை மட்டும் அது வைத்துக்கொள்ளும்; ஆமையோ குப்பையோ, மற்றதையெல்லாம் கடலிலேயே விட்டுவிடும்.

நான்கு நாளாக அவள் அறை வாசலில் சலேத்தம்மா வந்து நிற்கிறாள். மீன்பிடிக்கப் போன வள்ளத்திலிருந்து தவறி விழுந்த அவள் புருஷன் இஞ்ஞாசி இன்னும் கரை சேரவில்லை.

"உயிரோட வருவாவன்னு நான் நிக்கல ரெஜினா. மண்ணு போட ஒடம்பாவது வேணும்லா? முன்னெல்லாம் மடியில பொணம் வந்தா, மீனு கெடக்கட்டும்னு மொதல்ல அதத்தான் கரைக்குக் கொண்டாருவாவ."

ரெஜினாளுக்குச் சுருக்கென்றது. மூன்றாம் படகின் காலைப் பதிவைத் திறந்தாள். 'மீன் அல்ல. நீளம் 168 செ.மீ. விடுவிக்கப்பட்டது.'

"அக்கா, அண்ணன் என்ன ஒசரம் இருப்பாவ?"

சலேத்தம்மா தன் உச்சந்தலைக்கு மேலே நாலு விரல் வைத்துக் காட்டினாள்.

ரெஜினாள் முதலாளியைக் கேட்கவில்லை. ஐந்து படகுகளையும் காலையில் அதை விட்ட இடத்துக்கே திருப்பினாள். ஆனால் திரும்ப மாட்டினாலும் மடி அவரை விட்டுவிடுமே! விடக்கூடாதது என்று அதற்குத் தெரிந்ததெல்லாம் மீன் பட்டியல் ஒன்றுதான்.

பட்டியலைத் திறந்து, 'புதிய மீன்' என்ற இடத்தில் 'இஞ்ஞாசி' என்று எழுதினாள். நீளம் 168.

திரை அடுத்ததைக் கேட்டது: 'கரையில் வாங்குபவர் பெயர்?'

வாசலில் நின்றவளை ஒருமுறை பார்த்துவிட்டு, 'சலேத்தம்மா' என்று எழுதினாள்.